நிலம் தாங்கும் எண்ணிக்கைதான் நம் எண்ணிக்கை: ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வரும் பருவத்தில் நம் குடியிருப்பில் நடக்கும் தற்சார்பு வாழ்க்கைப் பயிற்சி முகாம்களை இரண்டு மடங்காக்குவது, ஒவ்வொரு முகாமிலும் 40 பேர் வரை சேர்த்துக்கொள்வது என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இதைப் பொதுக்கூட்டத்தில் பேசத்தான் நினைத்தேன். நிதி நெருக்கடி, ஏற்கெனவே முடிவான விஷயம் என்று சொல்லி நிகழ்ச்சிநிரலிலிருந்தே எடுத்துவிட்டீர்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இங்கே குடியிருப்பவர்கள் படிக்கட்டும். முகாமுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களும் படிக்கட்டும். வெளியே தெரிந்தால் நம் பெயர் கெடும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். உள்ளே நடப்பதைச் சரிசெய்யாமல் பெயரை மட்டும் எத்தனை நாள் காப்பாற்ற முடியும்?

தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறைகள், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நாணல் படுகை, கிணற்று மோட்டார் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். விருந்தினர்கள் படம் எடுக்காத இடங்கள் இவை. ஆனால் இந்தச் சிறிய ஊர் தன் காலில் நிற்கிறதா இல்லையா என்பது இந்த இடங்களில்தான் முதலில் தெரிகிறது. நாம் இதைக் கட்டியபோது 30 குடியிருப்பாளர்கள், அதிகபட்சம் ஒரு டஜன் விருந்தினர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொன்றையும் அளந்தோம். அந்த அளவுகளில் எதுவும் இன்றுவரை மாறவில்லை. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிவிட்டீர்கள்.

கழிப்பறையிலிருந்தே தொடங்குகிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள், ஏனென்றால் இந்தப் பிரச்சினையின் நடுநரம்பு அங்கேதான் இருக்கிறது.

நம்முடையது இரட்டைத் தொட்டி அமைப்பு. ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றொன்று மூடிக் கிடக்க வேண்டும். மூடிக் கிடக்கும் காலத்தில்தான் கழிவு மட்கி, நோய்க்கிருமிகள் சாகின்றன. அதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பது நம் விருப்பத்தைப் பொறுத்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, புதிய கழிவு எதுவும் சேராமல் வெறுமனே மூடி வைப்பதானால், சராசரி வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இருக்கும் இடங்களில் ஓராண்டுக்கு மேலும், அதைவிடக் குளிரான இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரையும் காத்திருக்க வேண்டும். குவியல் 50 டிகிரிக்கு மேல் சூடாகி ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றால் இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லைதான். ஆனால் நம் தொட்டிகள் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்த எனக்கு அது தெரியும். உருளைப்புழுவின் முட்டைகள் மிகவும் பிடிவாதமானவை. மற்ற கிருமிகள் செத்த பிறகும் மண்ணில் கிடந்து பிழைத்துக்கொள்ளும்.

சென்ற பருவத்தில் என்ன நடந்தது? பயன்பாட்டில் இருந்த தொட்டி பருவம் பாதி தாண்டுவதற்குள் நிரம்பிவிட்டது. மூடிக் கிடந்த தொட்டியைக் காலம் ஆவதற்கு முன்பே திறந்து காலி செய்ய வேண்டியதாயிற்று. அதில் இருந்ததைக் காய்கறிப் பாத்திகளில் போடச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். கிணற்றிலிருந்து தள்ளி ஒரு மேட்டில் தனியே குவித்து, மண்ணும் வைக்கோலும் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. இதை உங்களிடம் சொன்னபோது கிடைத்த பதில், "மரத்தூளைக் கூடுதலாகப் போடுங்கள், நாற்றம் போய்விடும்." நாற்றம் போகும், சரி. ஆனால் மரத்தூளும் இடத்தை அடைக்கும், தொட்டி இன்னும் சீக்கிரம் நிரம்பும். இது கணக்கு, கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் கழிப்பறையில் சிறுநீர் தனியாகப் போக வேண்டும். மனிதக் கழிவில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. தனியே பிரித்துச் சேமித்து, தண்ணீர் கலந்து விட்டால் அருமையான உரம். தொட்டிக்குள் கலந்துவிட்டால் ஈரம் ஏறி, அமோனியா வாடை கிளம்பி, ஈக்கள் மொய்த்து, மட்குவது நின்று அழுகுவது தொடங்கிவிடும். இதில் பழக ஒரு புதியவருக்குச் சில நாட்கள் ஆகும். நாம் கொடுப்பதோ வரவேற்பு உரையின் கடைசி ஐந்து நிமிடங்கள். அவர் பழகி முடிக்கும்போது முகாம் முடிந்துவிடும், அடுத்த குழு வந்து இறங்கும். அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. யாருக்கும் பிறவியிலேயே வருகிற பழக்கமா இது?

அடுத்தது நாணல் படுகை. சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வரும் நீரை ஜல்லியும் நாணல் வேர்களும் அவற்றில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்துதான் சுத்தம் செய்கின்றன. நீர் அதற்குள் சில நாட்கள் தங்கினால்தான் அந்த வேலை நடக்கும். ஒருவருக்கு ஒன்றிரண்டு சதுர மீட்டர் என்ற கணக்கில் நாம் வெட்டிய படுகை அது. இரண்டு மடங்கு நீரை உள்ளே விட்டால் அது தங்கும் நேரம் பாதியாகிவிடும். சென்ற பருவத்தின் கடைசி வாரங்களில் படுகையின் மேல்மட்டத்தில் நீர் தேங்கி நின்றது. சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு நுழைவாயில் ஜல்லியை அடைத்திருந்தது. கீழே உள்ள குட்டை வாடை அடித்தது. ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி மீண்டும் போடும் வேலையை மூன்று பேர் செய்தோம். அந்த நாட்களில் மேலே கூடத்தில் "நீரும் நாமும்" என்ற தலைப்பில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யாராவது ஒருவர் அந்த வகுப்பைக் கீழே அழைத்து வந்திருந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்திருக்கும்.

கிணற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விருந்தினர்கள் அதிகம் வருவது வறண்ட மாதங்களில். தோட்டத்துக்கு நீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். இரவு முழுக்க ஊறும் நீரைக் காலை முடிவதற்குள் இறைத்துவிட்டால் பாத்திகளுக்கு எதுவும் மிஞ்சாது. மிஞ்சவில்லை. விளைச்சல் குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட வெளியிலிருந்து பெட்டி பெட்டியாகக் காய்கறி வாங்கினோம். தற்சார்பு வாழ்க்கையைக் கற்க வந்தவர்களுக்கு லாரியில் வந்த காயைச் சமைத்துப் போட்டு, அது தோட்டத்துக் காய் இல்லை என்பதை யாரும் சொல்லாமல் விட்டோம். பொய் சொல்லவில்லை, உண்மைதான். கேட்டால் சொல்லியிருப்போம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர்கள் கேட்கத் தோன்றாத விதத்தில்தான் அறிமுகத் தாளை எழுதியிருக்கிறீர்கள்.

மின்சாரத்திலும் இதே கதைதான். நம் ஈய-அமில பேட்டரிகளை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அவற்றின் ஆயுள் வேகமாகக் குறையும். வந்தவர்களின் போனும் லேப்டாப்பும் சார்ஜ் ஏற, மேகமூட்டமான நாட்களில் டீசல் ஜெனரேட்டர் ஓடியது. அதைக் களஞ்சியத்துக்குப் பின்னால் நகர்த்தி வைக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. தொலைதூர நாடுகளிலிருந்து விமானத்தில் வருபவர்களுக்குக் கட்டணச் சலுகை என்று இந்த முறை அறிவித்திருக்கிறீர்கள். நீண்ட தூர விமானப் பயணம் ஒன்றில் போய்வரும்போது ஒருவர் பங்குக்கு ஒரு டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியாகும். நாம் மண்சுவரிலும் வைக்கோல் கூரையிலும் மிச்சம் பிடிப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி ஆட்களைப் பற்றி. இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது.

முகாம் நடத்துபவர்களின் மணிநேரம் நம் வேலைப் பதிவேட்டில் ஏறுகிறது. முகாமுக்காகக் கூடுதலாகச் சமைப்பவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள், படுக்கை விரிப்புகளைத் துவைப்பவர்கள், இரவில் யாருக்காவது வயிற்றுவலி வந்தால் எழுந்து போகிறவர்கள் ஆகியோரின் நேரம் "சமூகப் பங்களிப்பு" என்ற தலைப்பில் போய்விடுகிறது. அந்தத் தலைப்புக்குக் கீழே எண்ணே கிடையாது. எண் இல்லாததால் நிதிக் கூட்டத்தில் முகாம்கள் எப்போதும் லாபமாகத் தெரிகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுவாழ்வுச் சமூகத்தில் உழைப்பை எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். பணம் கொண்டுவரும் வேலையும், சமையலும், குழந்தை பார்ப்பதும், கூடத்தைக் கூட்டுவதும் அங்கே ஒரே கணக்கு. ஒரு மணி என்றால் ஒரு மணி. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த இடம் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அங்கே சேர விரும்புகிறவர்கள் மூன்று வாரம் தங்கி, மற்றவர்களோடு சேர்ந்து உழைத்துப் பார்க்க வேண்டும். வார இறுதியில் வந்து ஒரு சான்றிதழோடு போவதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

சென்ற பருவம் முடிந்ததும் இரண்டு குடும்பங்கள் இங்கிருந்து கிளம்பின. நீங்கள் பொதுக்கூட்டத்தில் "சொந்தக் காரணங்கள்" என்றீர்கள். கிளம்புவதற்கு முன் அவர்களில் ஒருவரோடு சமையலறையில் பேசிக்கொண்டிருந்தேன். தன் பிள்ளைகள் வாரம் ஒரு புதுக் கூட்டத்துக்கு நடுவே வளர்வதும், அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுப்பதும் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அக்கம்பக்கத்தார் வேண்டும் என்றுதான் வந்தோம், எங்களுக்குக் கிடைத்தது பார்வையாளர்கள் என்றார். அப்புறம், இதைக் குழுவில் இரண்டு முறை எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். அந்தக் கடிதங்கள் எங்கே?

உங்கள் பக்கத்து வாதம் எனக்குத் தெரியும். கூடத்தின் கூரையைப் பழுதுபார்க்க வேண்டும், நிலக்கடனின் தவணை நிற்கிறது, முகாம் வருமானம் இல்லாவிட்டால் இரண்டையும் சமாளிக்க முடியாது. அதோடு, கற்றுக்கொடுப்பதும் நம் நோக்கங்களில் ஒன்று. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. பணம் வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் துறவியும் இல்லை. ஆனால் சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும். தண்ணீரும் மண்ணும் சமைக்கிற கைகளும் ஓய்ந்துபோன இடத்தில் எதைக் காட்டிக் கற்றுக்கொடுப்பீர்கள்?

ஒரே வருமானத்தை நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஃபின்ட்ஹார்ன் சமூகம் 1962-இல் ஒரு கேரவன் பூங்காவில் சில பேரோடு தொடங்கி, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிக் கற்கும் இடமாக வளர்ந்தது. நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்த இடம். பெருந்தொற்றில் முகாம்கள் நின்றன, 2021-இல் அங்கே கட்டடங்கள் தீயில் அழிந்தன, செலவும் ஏறியது. 2023-இல் அதன் அறக்கட்டளை பயிற்சி வகுப்புகளை நிறுத்திக்கொண்டது. ஊர் இன்னும் இருக்கிறது, மக்கள் அங்கே வாழ்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு நெருக்கடி வந்தால், கூட்டத்துக்காகவே கட்டிய கூடங்களையும் வறண்ட பாத்திகளையும் வைத்துக்கொண்டு நம்மால் அப்படி நிற்க முடியுமா?

கூட்டம் சேர்ப்பதே வெற்றி என்று நினைத்தவர்களின் கதையும் பழையது. 1825-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 'நியூ ஹார்மனி' என்ற கூட்டுக் குடியிருப்பைத் தொடங்கி எல்லோரையும் வாருங்கள் என்று அழைத்தார். சில மாதங்களிலேயே சுமார் 800 பேர் வந்து சேர்ந்தார்கள். வீடும் போதவில்லை, கைத்தொழில் தெரிந்த ஆட்களும் போதவில்லை. 1827-க்குள் அந்த முயற்சி கலைந்துபோனது. அவர்களுக்கு இலட்சியம் குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றை, பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் எடுத்துக்காட்டியிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு: குளிர்காலம் முழுக்கத் தீவனம் போட்டு ஒருவர் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் அவர் பொது மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பலாம். கோடையில் புல் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் சரி. மோசமான பருவத்தின் அளவுதான் ஆண்டு முழுவதற்கும் அளவு. நமக்கு வேண்டியதும் இந்த விதிதான். வறண்ட மாதத்தில் கிணறு எத்தனை பேரைத் தாங்குமோ, மூடிய தொட்டி தன் காலத்தை முடிக்க எத்தனை பேர் இருக்கலாமோ, அந்த எண்ணே நம் விருந்தினர் எண். கூடத்தில் எத்தனை பாய் விரிக்கலாம் என்பதை வைத்து அதைத் தீர்மானிக்கக் கூடாது.

நீடித்து நின்ற பொதுச் சொத்து அமைப்புகளில் ஆஸ்ட்ரோம் கண்ட இன்னொரு விஷயமும் நேராக உங்களைத் தொடுகிறது: விதியால் பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் அந்த விதியை மாற்றுவதிலும் பங்கேற்கிறார்கள். இங்கே என்ன நடந்தது? சமையலறைக் குழுவிடம் கேட்கவில்லை. தோட்டக் குழுவிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. நம் சாசனம், முடிவுகளை ஒப்புதல் முறையில் எடுப்போம் என்கிறது. நெதர்லாந்தில் ஹெரார்ட் எண்டன்பர்க் தன் மின்பொறியியல் நிறுவனத்தில் வளர்த்தெடுத்த முறை அது. எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. காரணத்தோடு ஓர் ஆட்சேபணை வந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்கிறது. என் ஆட்சேபணைக்குக் காரணம் உண்டா இல்லையா என்பதை மேலே எழுதியதைப் படித்து நீங்களே சொல்லுங்கள். அவசர முடிவு எடுக்கும் அதிகாரத்தைக் குழுவுக்குக் கொடுத்தது புயல், தீ, நோய் போன்றவற்றுக்காக. அடுத்த ஆண்டின் முகாம் அட்டவணை இவற்றில் எது?

நான் கேட்பது இவைதான்.

முகாம்களை இரட்டிப்பாக்கும் முடிவை உடனே நிறுத்தி வையுங்கள். புதிய பதிவுகளை இன்றோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு உண்மை நிலவரத்தை எழுதி, வேண்டுமானால் முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்து, சமையல், தோட்டம், தண்ணீர், துப்புரவு ஆகிய நான்கு குழுக்களின் ஆட்சேபணைகளையும் எழுத்தில் வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை விருந்தினர்கள் தங்கலாம் என்பதைக் கிணற்றின் வறண்ட மாத ஊறல், தொட்டிகளின் ஓய்வுக் காலம், படுகையின் அளவு ஆகியவற்றை வைத்து நிர்ணயித்து, சாசனத்தில் விதியாகச் சேருங்கள். கணக்கிடத் தேவையான பதிவேடுகள் என்னிடம் இருக்கின்றன. யார் கேட்டாலும் தருகிறேன். அதுவரை ஒரு டஜன் என்ற பழைய வரம்பே இருக்கட்டும். இன்னும் ஒரு ஜோடித் தொட்டி கட்டிப் படுகையையும் பெரிதாக்கினால் எண்ணைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டி முடித்துவிட்டுக் கூட்டுங்கள். ஆனால் கிணற்றைப் பெரிதாக்கித் தண்ணீரை வரவைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமையலும் துப்புரவும் நோயாளியைப் பார்ப்பதும் வகுப்பு எடுப்பதும் வேலைப் பதிவேட்டில் ஒரே மதிப்பில் ஏற வேண்டும். அந்த மணிநேரங்களையும், ஜெனரேட்டர் டீசலையும், வெளியில் வாங்கிய காய்கறியையும், பேட்டரித் தேய்மானத்தையும் சேர்த்து, சென்ற பருவ முகாம்களின் வரவு செலவை மீண்டும் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள். அதற்குப் பிறகும் லாபம் நின்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன். கூரைக்கும் கடனுக்கும் வழி தேட ஒரு தனிக் கூட்டம் போடுங்கள்: குறைந்த ஆட்கள் நீண்ட நாள் தங்கி உழைத்துக் கற்கும் முறை, நாற்றும் விதையும் விற்பது, கடன் தவணையை மாற்றி அமைப்பது என்று என்னிடமே சில யோசனைகள் உண்டு, மற்றவர்களிடம் இன்னும் நல்லவை இருக்கும்.

கிளம்பிப்போன குடும்பத்தார் கொடுத்த கடிதங்களை, அவர்கள் சம்மதித்தால், பொதுவில் வையுங்கள். பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது என்ற விதியை நாளையே நுழைவாயிலில் ஒட்டுங்கள். இதற்குக் கூட்டம்கூடத் தேவையில்லை.

பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், சாசனம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொடுத்திருக்கும் உரிமையின்படி சிறப்புக் கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்குவேன். மூடியிருக்கும் தொட்டியை இந்த முறை அதன் காலம் முடியும் முன் திறக்க மாட்டேன் என்பதையும் இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்ணீர், துப்புரவுக் குழுவில் பணிசெய்யும் ஓர் உறுப்பினர்